‘பட்டன்... பட்டன்... பட்டன்’: இணையப் பக்கங்களுக்குள் ஒளிந்திருக்கும் பிழைகளை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

திருவனந்தபுரத்தில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். சொந்த ஊர் நாகர்கோவில். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் எனக்கு அவர் அண்ணன். பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆனால் கம்ப்யூட்டரை அவர் கையாளும் வேகத்தைப் பார்த்தால் நமக்குக் கொஞ்சம் பொறாமையே வரும். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ‘ஸ்கிரீன் ரீடர்’ மென்பொருளை நம் காதுக்குப் பிடிபடாத வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பார்.

ஒருநாள் ஹெட்போனின் ஒரு பக்கத்தை என் காதில் வைத்தார். "கேளு தம்பி" என்றார். அம்மாவைச் சிகிச்சைக்கு அழைத்துப்போக ஒரு மருத்துவமனையின் இணையப் பக்கத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். அவர் டேப் விசையைத் தட்டத் தட்ட, குரல் சொன்னது இவ்வளவுதான்: "எடிட். எடிட். கிராஃபிக். பட்டன். பட்டன். பட்டன்."

"இதுல எது பேரு, எது தேதி, எதை அமுக்கினா பதிவாகும், நீ சொல்லு பாப்போம்."

நான் திரையைப் பார்த்தேன். பளிச்சென்று அழகான பக்கம். பெயர் எழுத ஒரு கட்டம், காலண்டர் படம் போட்ட ஒரு பட்டன், பச்சை நிறத்தில் டிக் போட்ட ஒரு பட்டன், சிவப்பில் பெருக்கல் குறி போட்ட இன்னொரு பட்டன். என் கண்ணுக்கு எல்லாமே புரிகிறது. அவர் காதுக்கு எதுவுமே கிடைக்கவில்லை.

கடைசியில் பக்கத்து அறைக்காரரைக் கூப்பிட்டு முடித்தார். அம்மாவின் நோய் விவரம், பதிவு எண், போனுக்கு வந்த ஓடிபி எல்லாவற்றையும் அந்த மனிதரிடம் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. "எத்தனை பேர்கிட்ட ஓடிபி சொல்லியிருப்பேன்னு கணக்கே இல்ல" என்றார்.

அந்தப் பக்கத்தில் இருந்தது பெரிய தொழில்நுட்பக் கோளாறு அல்ல. கோடிங்கில் நாலைந்து சொற்கள் விடுபட்டிருந்தன. இந்த மாதிரி விடுபடல்கள் உலகம் முழுக்க எத்தனை பக்கங்களில் இருக்கின்றன, அவற்றை எப்படித் தேடிப்பிடிக்கிறார்கள், அந்தக் கணக்கை எவ்வளவு நம்பலாம் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

திருவனந்தபுரத்தில் இருந்து தொடங்க இன்னொரு காரணமும் உண்டு. 2025 ஆகஸ்ட் 21 அன்று, இதே நகரத்தில் நடந்த விழாவில்தான் முதல்வர் பினராயி விஜயன் கேரளத்தை முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவித்தார். அதற்கு முன்னோடி, திருவனந்தபுரம் மாவட்டத்தில் இருக்கும் புல்லம்பாறை என்ற கிராமப் பஞ்சாயத்து. 2022-லேயே அது அந்தத் தகுதியை எட்டிவிட்டது. வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்து, போனையும் இணையத்தையும் பயன்படுத்தத் தெரியாத சுமார் 21 லட்சம் பேருக்கு மாநிலம் முழுக்கப் பயிற்சி கொடுத்தார்கள். தொண்ணூறு வயதைத் தாண்டியவர்கள்கூடக் கற்றுக்கொண்டார்கள். பெரிய காரியம்தான். ஆனால் தேர்வு எழுதியது மக்கள் மட்டும். அவர்கள் போய்த் திறக்கும் பக்கங்களுக்கு யார் தேர்வு வைப்பது?

பிழை இருந்தும் பக்கம் எப்படித் திறக்கிறது?

தம்பானூர் ரயில் நிலையத்தில் இறங்கி, அரைகுறை மலையாளத்தில் ஒரு ஆட்டோக்காரரிடம் போக வேண்டிய இடத்தைச் சொல்கிறீர்கள் என்று வையுங்கள். வினைச்சொல் தப்பு, வேற்றுமை உருபு தப்பு. அவர் ஒன்றும் சொல்லாமல் சரியான இடத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். நீங்களும் நம் மலையாளம் பரவாயில்லை போல என்று நினைத்துக்கொள்வீர்கள்.

பிரவுசரும் அந்த ஆட்டோக்காரர் மாதிரிதான். இணையப் பக்கம் என்பது அடிப்படையில் எச்டிஎம்எல் என்ற மொழியில் எழுதப்பட்ட ஒரு எழுத்துக் கோப்பு. ‘இங்கே தலைப்பு தொடங்குகிறது, இங்கே முடிகிறது’, ‘இது பத்தி’, ‘இது படம்’ என்று ‘டேக்’ எனப்படும் அடையாளங்களால் ஒவ்வொன்றையும் குறித்திருப்பார்கள். திறந்த டேக்கை மூட மறந்தாலும், ஒன்றுக்குள் ஒன்றாகப் போட வேண்டியதைக் குறுக்கே போட்டாலும், ஒரே அடையாளப் பெயரை இரண்டு இடத்தில் வைத்தாலும் பிரவுசர் முகம் சுளிக்காது. எழுதியவர் எதை நினைத்திருப்பார் என்று ஊகித்துக் காட்டிவிடும்.

இந்தத் தாராளத்தை நிறுத்திப் பார்க்க ஒருமுறை முயன்றார்கள். 2000-ல் எக்ஸ்எச்டிஎம்எல் என்ற கறாரான வடிவம் வந்தது. அதன் விதியை முழுமையாகப் பின்பற்றினால், ஒரு சின்னக் குறியீடு தப்பினாலும் பக்கத்துக்குப் பதிலாகப் பிழைச் செய்திதான் தெரியும். நடைமுறையில் எடுபடவில்லை. எந்தக் கடைக்காரர் ஒரு எழுத்துப் பிழைக்காகக் கடையை மூடுவார்? 2004-ல் ஆப்பிள், மொசில்லா, ஒபேரா நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் வேறு பாதையில் கிளம்பினார்கள். அதிலிருந்து பிறந்த எச்டிஎம்எல்5, தப்பான கோடிங்கை எந்தப் பிரவுசரும் ஒரே மாதிரி எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்கே விரிவான விதிகளை எழுதி வைத்தது. பிழை ஒழியவில்லை. பிழையைச் சமாளிக்கும் வழி எல்லா பிரவுசருக்கும் பொதுவானது, அவ்வளவுதான்.

பிழை எவ்வளவு பரவலானது என்பதை 2008-ல் ஒபேரா நிறுவனம் அளந்து பார்த்தது. ‘மாமா’ என்று பெயர் வைத்த ஒரு தேடல் கருவியால் (நம்ம ஊர் மாமா இல்லை, நீளமான ஓர் ஆங்கிலப் பெயரின் சுருக்கம்) சுமார் 35 லட்சம் பக்கங்களை எடுத்து, மொழி இலக்கணத்தைச் சரிபார்க்கும் ‘வேலிடேட்டர்’ வழியாக ஓட்டினார்கள். தேறியவை 4.13 சதவீதம் மட்டுமே. இதில் ரசமான விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் ‘இந்தப் பக்கம் விதிப்படி சரியானது’ என்று ஒரு முத்திரைப் படத்தைப் பலர் பெருமையாகத் தங்கள் பக்கத்தில் ஒட்டியிருப்பார்கள். முத்திரை ஒட்டியிருந்த பக்கங்களிலும் ஏறக்குறைய பாதிதான் தேர்வில் தேறின.

சரி, 96 சதவீதப் பக்கங்களில் இலக்கணப் பிழை இருந்தும் உலகம் ஓடிக்கொண்டுதானே இருந்தது? ஆமாம். மூடாத பத்தி டேக் ஒன்றினால் யாருக்கும் பெரிதாக நஷ்டம் இல்லை. ஆய்வாளர்களின் கேள்வி அதனால்தான் மெல்ல மாறியது. ‘விதி மீறப்பட்டதா?’ என்பதை விட்டுவிட்டு ‘எந்தப் பிழையால் எந்த மனிதர் தடுக்கி விழுகிறார்?’ என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

பத்து லட்சம் முகப்புப் பக்கங்கள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ‘வெப்எய்ம்’ என்ற அமைப்பு 2019 முதல் ஆண்டுதோறும் ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறது. உலகில் அதிகம் பார்க்கப்படும் பத்து லட்சம் இணையதளங்களின் முகப்புப் பக்கங்களைத் தானியங்கிக் கருவி திறக்கும். மாற்றுத்திறனாளிகளுக்குத் தடையாக இருக்கும் பிழைகளை எண்ணும். முதல் ஆண்டில் 97.8 சதவீதப் பக்கங்களில் குறைந்தது ஒரு பிழையாவது இருந்தது. 2025-ல் 94.8 சதவீதம். ஆறு ஆண்டுகளில் மூன்று புள்ளிதான் இறங்கியிருக்கிறது. 2025 கணக்கில் ஒரு முகப்புப் பக்கத்துக்குச் சராசரியாக 51 பிழைகள்.

எண்ணிக்கையை விட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. கண்டுபிடிக்கப்பட்ட பிழைகளில் சுமார் 96 சதவீதம் வெறும் ஆறு வகைக்குள் அடங்கிவிடுகின்றன. ஆண்டுதோறும் அதே ஆறு.

முதல் இடத்தில் இருப்பது மங்கிய எழுத்து. 2025-ல் 79 சதவீதப் பக்கங்களில் இது இருந்தது. எழுத்தின் நிறத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசத்தை ஒரு விகிதமாகச் சொல்லலாம். வெள்ளையில் கறுப்பு என்றால் 21-க்கு 1. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும் என்கிறது சர்வதேச வழிகாட்டு நெறி. வடிவமைப்பாளர்களுக்குப் பிடித்த 777777 என்ற சாம்பல் நிறத்தை வெள்ளையில் போட்டால் 4.48 வரும், மயிரிழையில் ஃபெயில். 999999 என்றால் மூன்றைக்கூட எட்டாது. ஏ.சி. அறையில், விலை உயர்ந்த மானிட்டரில் பார்த்தால் இது நாகரிகமாகத்தான் இருக்கும். மத்தியான வெயிலில் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்று, பழைய போனில் பார்ப்பவருக்குப் பார்வைக் குறைபாடே வேண்டாம், எழுத்து காணாமல் போய்விடும்.

அடுத்தது, விளக்கம் இல்லாத படம். ஒவ்வொரு படத்துக்கும் ‘ஆல்ட்’ என்ற பெயரில் சின்ன விளக்க வரி எழுத கோடிங்கில் இடம் உண்டு. ஸ்கிரீன் ரீடர் வாசிப்பது அதைத்தான். அந்த வரி இல்லையென்றால் சில நேரம் ‘கிராஃபிக்’ என்று மட்டும் சொல்லும், சில நேரம் கோப்பின் பெயரை எண்ணும் எழுத்துமாக வாசிக்கும். அழகுக்காக மட்டும் வைத்த படம் என்றால் ‘ஆல்ட்’ இடத்தைக் காலியாக எழுதிவிட்டால் போதும், குரல் தாண்டிப்போய்விடும். காலியாக விடுவதும் எழுதாமலே விடுவதும் ஒன்றல்ல என்பது பலருக்குத் தெரிவதில்லை. 2025-ல் பாதிக்கும் மேற்பட்ட பக்கங்கள், 55 சதவீதம், இதில் தவறியிருந்தன.

மூன்றாவதுதான் அண்ணனை முன்பதிவுப் பக்கத்தில் நிறுத்திய பிழை. ஒரு படிவத்தில் ‘பெயர்’ என்று எழுதி, அதன் கீழே ஒரு கட்டம் இருக்கிறது. நமக்கு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் சம்பந்தம் புரிகிறது. மென்பொருளுக்கு இடம் தெரியாது, உறவுதான் தெரியும். ‘இந்த எழுத்து இந்தக் கட்டத்துக்கு உரியது’ என்று கோடிங்கில் இணைக்க வேண்டும். அந்த இணைப்புக்குப் பெயர் ‘லேபிள்’. அது இல்லாத படிவம் 48 சதவீதப் பக்கங்களில் இருந்தது. வங்கி, ரயில் டிக்கெட், கல்லூரி விண்ணப்பம், ஓய்வூதியம் என்று ஒருவர் தன் வேலையைத் தானே முடிக்கும் இடம் எல்லாமே படிவங்கள்தான். படம் விளங்காவிட்டால் தகவல் போகும். படிவம் விளங்காவிட்டால் ஆளைத் தேடிப் போக வேண்டும், அவரிடம் ஓடிபியும் சொல்ல வேண்டும்.

நான்காவதும் ஐந்தாவதும் உடன்பிறப்புகள்: பெயர் இல்லாத லிங்க், பெயர் இல்லாத பட்டன். மூன்று கோடு போட்ட மெனு, பூதக்கண்ணாடி போட்ட தேடல், பேஸ்புக் சின்னம் எல்லாம் படமாக மட்டும் இருந்தால் காதுக்கு அவை ஊமை.

ஆறாவது பிழை நம்மூருக்கு வரும்போது வேறு உருவம் எடுக்கிறது. அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

பக்கம் என்ன மொழியில் இருக்கிறது?

எச்டிஎம்எல் கோப்பின் தொடக்கத்திலேயே ‘லாங்’ என்று ஒரு குறிப்பு இருக்க வேண்டும். மலையாளம் என்றால் ‘எம்எல்’, தமிழ் என்றால் ‘டிஏ’, ஆங்கிலம் என்றால் ‘இஎன்’. இரண்டே எழுத்து. ஸ்கிரீன் ரீடர் எந்த மொழிக் குரலில் வாசிப்பது என்பதை இதைப் பார்த்துத் தீர்மானிக்க முடியும். அண்ணன் பயன்படுத்தும் என்விடிஏ, 2006-ல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற நிரலாளர் ஒருவர் தொடங்கிய இலவச மென்பொருள். அதோடு சேர்ந்து வரும் ‘ஈஸ்பீக்’ குரலுக்குத் தமிழும் தெரியும், மலையாளமும் தெரியும். ஆனால் பக்கம் எந்த மொழி என்று யாராவது சொன்னால்தானே?

வெப்எய்ம் கணக்கில், மொழிக் குறிப்பே இல்லாத பக்கங்கள் 2025-ல் 15.8 சதவீதம். ஆறு பிழைகளில் இதுதான் குறைவு. ஆனால் அந்தக் கணக்கு ‘குறிப்பு இருக்கிறதா’ என்று மட்டுமே பார்க்கிறது. நம் பகுதியில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது, தவறான குறிப்பு. வெளிநாட்டில் தயாரான ஒரு டெம்ப்ளேட்டை எடுத்து, ஆங்கிலத்தை அழித்துவிட்டு மலையாளமோ தமிழோ ஒட்டிவிடுவார்கள். மேலே ‘இஎன்’ அப்படியே இருக்கும். கருவி ‘சரி’ என்று டிக் போட்டுவிடும். கேட்பவருக்கு ஆங்கிலக் குரல் மலையாளத்தைப் பாதி விழுங்கியோ எழுத்து எழுத்தாகவோ வாசிக்கும், அல்லது அடியோடு தாண்டிப்போகும்.

இதைவிடக் குழப்பமானது எழுத்துகளுக்குப் பின்னால் இருக்கும் எண்கள். யூனிகோடு பரவுவதற்கு முன்னால், தமிழைப் போலவே மலையாளத்திலும் ஒரு தந்திரம் நடந்தது. உள்ளே ஆங்கில எழுத்துகளின் குறியீடு இருக்கும், எழுத்துரு மட்டும் அதற்கு மலையாள உருவம் போட்டுக் காட்டும். கண்ணுக்கு மலையாளம், கம்ப்யூட்டருக்கு அர்த்தமில்லாத ஆங்கிலக் கோவை. அப்படித் தயாரான பழைய கோப்பில் ஒரு பெயரைத் தேடினால் அகப்படாது, காதிலும் கேட்க முடியாது.

யூனிகோடு வந்த பிறகும் மலையாளத்தில் ஒரு சிக்கல் மிஞ்சியது. ‘அவன்’ என்ற சொல்லின் கடைசியில் வரும் மெய்க்கு மலையாளத்தில் தனி உருவம் உண்டு. அதைச் ‘சில்லு’ என்பார்கள். முதலில் அதை மூன்று குறியீடுகளைச் சேர்த்து எழுதினார்கள்: எழுத்து, அதன் மேல் சந்திரக்கலை, பிறகு கண்ணுக்கே தெரியாத ஒரு இணைப்புக் குறி. 2008-ல் வந்த யூனிகோடு 5.1 பதிப்பு, சில்லு எழுத்துகளுக்குத் தனித்தனியாக ஒற்றைக் குறியீடு கொடுத்தது. பழைய பக்கங்கள் பழைய முறையிலேயே இருந்தன, புதியவை புது முறைக்குப் போயின. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒரே சொல். கவனமாக எழுதப்படாத தேடல் நிரலுக்கு இரண்டும் வேறு வேறு சொல்.

‘அது மலையாளத்துப் பிரச்சினை’ என்று நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. ‘ஸ்ரீ’ என்ற எழுத்தைத் தமிழில் இரண்டு விதமாகக் குறியீடு செய்யலாம்: ‘ஸ’ வைத்து ஒரு வழி, வடமொழிச் சொற்களுக்காகப் பின்னால் சேர்க்கப்பட்ட ‘ஶ’ வைத்து இன்னொரு வழி. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகத்தான் தெரியும். ஒரு பட்டியலில் ஸ்ரீதர் என்ற பெயரைத் தேடி ‘இல்லை’ என்று பதில் வந்தால், பெயர் உண்மையிலேயே இல்லாமல் இருக்கலாம். அல்லது தட்டச்சு செய்தவர் வேறு வழியில் ‘ஸ்ரீ’ போட்டிருக்கலாம். பயனாளிகள் பட்டியலில் இப்படி ஒரு பெயர் அகப்படாமல் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இந்த வகைப் பிழை வெப்எய்ம் கருவியின் பட்டியலில் கிடையாது. அதை உருவாக்கியவர்களுக்கு இப்படி ஒரு தேவையே வந்திருக்காது.

எண்ணுவது எப்படி, எங்கே கோட்டை விடுவோம்?

தரவுப் பத்திரிகையாளர் என்ற முறையில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் முதன்முதலில் எழுதிய நிரல், படங்கள் நிறைந்த ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு ‘இதில் படமே இல்லை, எனவே பிழையும் இல்லை’ என்று சான்றிதழ் கொடுத்தது. காரணம் எளிமையானது. இன்றைய பக்கங்கள் பலவற்றில், சர்வரிலிருந்து வரும் கோப்பு வெறும் எலும்புக்கூடு. படமும் எழுத்தும் ஜாவாஸ்கிரிப்ட் ஓடிய பிறகுதான் நிரம்பும். நான் எலும்புக்கூட்டை மட்டும் எண்ணியிருந்தேன். அதனால்தான் தேர்ந்த ஆய்வுகள் உண்மையான பிரவுசரையே ஓடவிட்டு, பக்கம் முழுதாக விரிந்த பிறகு எண்ணுகின்றன.

அடுத்த பொறி, எந்தப் பக்கத்தை எடுப்பது என்பது. முகப்புப் பக்கம் கல்யாண வீட்டு வாசல் மாதிரி, எல்லோரும் பார்ப்பதால் கோலமும் வாழைமரமும் இருக்கும். புகார் படிவமும் கட்டணம் செலுத்தும் பக்கமும் நாலு கிளிக் உள்ளே இருக்கும். முகப்பை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால், படிவப் பிழைகள் கணிசமாகத் தப்பிவிடும். எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். ஒரே பிழையான மெனு எல்லாப் பக்கங்களிலும் திரும்ப வந்தால் அது ஆயிரம் பிழையா, ஒரு பிழையா? திருத்துபவருக்கு ஒன்று, தடுக்கி விழுபவருக்கு ஆயிரம்.

கருவிகள் எவ்வளவு கண்டுபிடிக்கும்? 2017-ல் பிரிட்டன் அரசின் டிஜிட்டல் சேவைத் துறை இதைச் சோதித்தது. வேண்டுமென்றே சுமார் 140 தடைகளை வைத்து ‘உலகிலேயே மோசமான’ ஒரு பக்கத்தைத் தயாரித்து, தானியங்கிக் கருவிகளுக்குக் கொடுத்தார்கள். மிகச் சிறந்த கருவி பிடித்தது ஏறத்தாழ 40 சதவீதம். நான்கில் ஒரு பங்குக்கும் மேல் எந்தக் கருவியிடமும் சிக்கவில்லை. 2019-ல் மானுவல் மட்டுசோவிச் என்ற ஆஸ்திரிய இணைய நிரலாளர் நேர் எதிராகச் செய்து காட்டினார். கூகுளின் லைட்ஹவுஸ் கருவியில் அணுகல்தன்மைக்கு நூற்றுக்கு நூறு வாங்கும், ஆனால் யாராலும் பயன்படுத்தவே முடியாத ஒரு பக்கத்தை உருவாக்கினார். படத்துக்கு ‘ஆல்ட்’ இருக்கிறதா என்று கருவிக்குத் தெரியும். அதில் ‘படம் 1’ என்று எழுதியிருந்தால் அது விளக்கமா, விளையாட்டா என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

ஆகவே 94.8 சதவீதம் என்பது உச்ச எண் அல்ல, அடிமட்ட எண். மீதி 5 சதவீதப் பக்கங்கள் பிழையற்றவை என்று அர்த்தம் இல்லை, கருவிக்கு எட்டிய பிழை இல்லாதவை.

இன்னொரு விஷயம் ஆய்வாளர்களையே யோசிக்க வைத்தது. ஸ்கிரீன் ரீடருக்கு உதவவென்றே ‘ஏரியா’ என்ற கூடுதல் குறிப்புகள் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தும் பக்கங்களில் சராசரிப் பிழை குறைவாக இருக்க வேண்டும் அல்லவா? வெப்எய்ம் ஆய்வுகளில் அதிகமாக இருக்கிறது. சிக்கலான பக்கங்கள்தான் அதை அதிகம் பயன்படுத்துகின்றன என்பது ஒரு விளக்கம். புரியாமல் காப்பி அடித்து ஒட்டுவது இன்னொரு விளக்கம். மருந்தின் பெயர் மட்டும் தெரிந்து, அளவு தெரியாமல் சாப்பிட்ட கதைதான்.

இந்தியாவில் யாராவது எண்ணியிருக்கிறார்களா?

2012-ல் பெங்களூருவின் இணையம் மற்றும் சமூகத்துக்கான மையம் 7,800 அரசு இணையதளங்களைத் தானியங்கிக் கருவியால் சோதித்தது. அவற்றில் சுமார் கால்வாசி திறக்கவே இல்லை. பிழை எண்ணப் போன இடத்தில் கதவே பூட்டியிருந்தது! திறந்தவற்றிலும் படத்துக்கு விளக்கம் இல்லை, படிவத்துக்கு லேபிள் இல்லை என்ற அதே பழைய பட்டியல்தான்.

விதிகளுக்குப் பஞ்சம் இல்லை. அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறி 2009-லேயே வந்துவிட்டது, மூன்றாம் பதிப்பு 2023-ல் வந்தது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மின்னணுச் சேவைகளும் அணுகக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது, தனியார் சேவைகளையும் சேர்த்து. ஆனால் ‘வழிகாட்டு நெறி’ என்ற சொல்லிலேயே வேலை நின்றுவிட்டது. 2024 நவம்பரில் ராஜீவ் ராத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல்தன்மையை வெறும் பரிந்துரையாக விடக் கூடாது, கட்டாய விதிகள் வேண்டும் என்றது. 2025 ஏப்ரல் 30 அன்று, நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு பிரக்யா பிரசூன் வழக்கில் இன்னும் ஒரு படி போனது. அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும், கண் சிமிட்டச் சொல்லும் டிஜிட்டல் கேஒய்சியைக் கடக்க முடியவில்லை என்று தொடுத்த வழக்கு அது. டிஜிட்டல் அணுகல், அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பு சொல்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் மட்டுமே நாட்டில் சுமார் 50 லட்சம் பேர்.

நீங்களே பார்க்க முடியுமா?

முடியும். கோடிங் தெரிய வேண்டாம். நீங்கள் அடிக்கடி போகும் பக்கத்தைக் கம்ப்யூட்டரில் திறங்கள். மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு, டேப் விசையை மட்டும் தட்டிக்கொண்டே போங்கள். எங்கே நிற்கிறோம் என்று திரையில் தெரிகிறதா? படிவத்தை மவுஸ் இல்லாமல் நிரப்பி அனுப்ப முடிகிறதா? ஆண்ட்ராய்டு போன் என்றால் செட்டிங்ஸில் ‘டாக்பேக்’கை இயக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு மின் கட்டணம் கட்டிப் பாருங்கள். (அதற்கு முன், டாக்பேக்கை எப்படி நிறுத்துவது என்று படித்துக்கொள்ளுங்கள். நான் படிக்காமல் ஆரம்பித்து அரை மணி நேரம் மாட்டிக்கொண்டேன்.) இன்னும் கொஞ்சம் ஆர்வம் இருந்தால், கண்ட்ரோல் விசையோடு ‘யு’வை அழுத்துங்கள். பக்கத்தின் கோடிங் அப்படியே விரியும். மேலே முதல் சில வரிகளிலேயே ‘லாங்’ எங்கே, எந்த மொழி என்று பார்த்துவிடலாம். வெப்எய்மின் ‘வேவ்’ கருவி இலவசம், முகவரியைக் கொடுத்தால் பிழை இருக்கும் இடங்களில் சிவப்பு அடையாளம் போட்டுக் காட்டும்.

கேரளப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு ஐசிடி பாடத்தில் இணையப் பக்க வடிவமைப்பு ஒரு பாடமாகவே வைக்கப்பட்டிருந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கட்டற்ற மென்பொருளில் டேக் எழுதிப் பழகியிருக்கிறார்கள். இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001-ல் தொடங்கப்பட்டதும் இதே திருவனந்தபுரத்தில்தான். தலைப்பைச் சிவப்பாக்குவது எப்படி என்று கற்றுக்கொடுக்கும் அதே வகுப்பில், லேபிள் போடுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கப் பத்து நிமிடம் போதும்.

அண்ணனின் கதைக்கு வருவோம். அந்த முன்பதிவுப் பக்கத்தின் கோடிங்கைத் திறந்து, எந்த வரியில் எந்தச் சொல் விடுபட்டிருக்கிறது என்று குறித்து, இருவரும் சேர்ந்து மருத்துவமனைக்கு ஒரு மின்னஞ்சல் போட்டோம். பதில் வரவில்லை. ஆனால் மூன்று வாரம் கழித்து, காலண்டர் பட்டனுக்குப் பெயர் வந்திருந்தது. மற்ற இரண்டும் இன்னும் வெறும் ‘பட்டன்’தான். அண்ணன் வரிசையை மனப்பாடம் செய்துவைத்திருக்கிறார்: "ரெண்டாவது பட்டன் பதிவு, மூணாவது ரத்து."

போன வாரம் அந்தப் பக்கத்தின் மேலே விளம்பரத்துக்கென்று புதிதாக ஒரு பட்டன் சேர்த்திருக்கிறார்கள். அதற்கும் பெயர் இல்லை.